இறையருளை மனிதன் மறுத்துவிட முடியுமா?

மங்கள வார்த்தைச் செபத்தில் கன்னி மரியாளை அருள் நிறைந்தவர் என்று நாள்தோறும் வாழ்த்துகிறோம். அருட்சாதனங்களை நாடிச் செல்கிறோம். உறவினருக்கு மடல் எழுதும்போதும், இறைவன் அருளால் யாவரும் நலம் என்றே தொடங்குகிறோம். அருள் என்னும் சொல் நம் நாவில் இத்துணை எளிதாகப் புழங்கினும், அதனுள் அடங்கியுள்ள ஒரு பெருங்கேள்வியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இறைவன் தம் அருளை ஒருவனுக்கு அளிக்கும்போது, அதை அவன் தள்ளிவிட முடியுமா?

முடியும் என்று சொன்னால், எல்லாம் வல்ல இறைவனின் திருவுளம் மண்ணால் ஆன மனிதனிடம் தோற்றுப் போகிறது என்றல்லவா ஆகும்? முடியாது என்று சொன்னால், மனந்திரும்பாமலே மடிகின்றவனுக்கு இறைவனே அருளை மறுத்துவிட்டார் என்றல்லவா ஆகும்? எப்பக்கம் திரும்பினும் இடறுகின்ற கேள்வி இது.

இக்கேள்விக்கு, ‘முடியாது’ என்று துணிந்து விடை கூறியவர்கள் கால்வினின் வழிவந்த சீர்திருத்த சபையினர். அவர்கள் உண்மையில் கூறுவது என்ன, நம் திருச்சபை போதிப்பது என்ன, இவ்விரண்டுக்கும் நம் குடும்ப வாழ்வுக்கும் உள்ள தொடர்பு என்ன என்பவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வோம். பிரிந்த சகோதரர்களின் போதனையை உண்மையோடும் நல்லெண்ணத்தோடும் அறிந்துகொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டில் பணித்திருக்கிறது. ஆகவே, அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் கூறிப் பின் அதை மறுப்பது நமக்கு அழகன்று.

ஜெனீவாவில் எழுந்த சிந்தனை

ஜான் கால்வின் 1509-இல் பிரான்சு நாட்டின் நுவாயோன் நகரில் பிறந்தவர். சட்டம் பயின்றவர். கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளை விளக்கி அவர் எழுதிய நூல் 1536-இல் சிறு ஏடாக வெளிவந்து, 1559-இல் பெருநூலாக வளர்ந்து நிறைவுற்றது. ஜெனீவா நகரில் நெடுங்காலம் உழைத்து, 1564-இல் அங்கேயே இறந்தார்.

அவருடைய சிந்தனைக்கு அடித்தளம் எது? சென்மப் பாவத்தால் மனித உள்ளம் முற்றிலும் கெட்டுவிட்டது. தானாக இறைவனை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கவும் அதனால் இயலாது. ஆகவே மீட்பு தொடக்கம் முதல் முடிவு வரை இறைவனின் செயலே என்பதாகும். இதற்கு ஆதாரமாக அவர் மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டியவர் வேறு யாருமல்லர். நம் புனித அகுஸ்தீனாரே! மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக முடியும் என்று போதித்த பெலாஜியுசை எதிர்த்து அகுஸ்தீனார் எழுதிய ஏடுகளைக் கால்வின் நுணுகிக் கற்றிருந்தார். ஆகவே, இவ்வழக்கில் இரு சாராரும் ஒரே தந்தையின் பெயரைச் சொல்லி நிற்கிறார்கள் என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் நலம்.

ஒல்லாந்தில் நடந்த வழக்கு

கால்வின் இறந்த பின், இப்போதனை அவருடைய சபையினருக்குள்ளேயே ஐயத்தை எழுப்பியது. லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1603 முதல் இறையியல் கற்பித்த யாக்கோபு ஆர்மீனியுஸ் என்பவர், விசுவசிப்பான் என்று இறைவன் முன்னறிந்தவனையே அவர் தேர்ந்துகொள்கிறார் என்றும், அருளை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்றும் கருதினார். அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கோமாருஸ் என்னும் பேராசிரியர் அவரைக் கடுமையாக எதிர்த்தார். ஆர்மீனியுஸ் 1609-இல் இறந்தார், வழக்கோ வளர்ந்தது.

அடுத்த ஆண்டு, 1610-இல், அவருடைய கருத்தை ஏற்ற நாற்பதுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஐந்து கூறுகள் கொண்ட முறையீடு ஒன்றை ஒல்லாந்து அரசினரிடம் சமர்ப்பித்தார்கள். அதன் நான்காம் கூறுதான் நம் கேள்வியைத் தொடுவது. நன்மை அனைத்துக்கும் அருளே தொடக்கம், அருளே தொடர்ச்சி, அருளே நிறைவு என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆயினும், அவ்வருள் செயல்படும் முறை எதிர்க்க முடியாத ஒன்றன்று என்று முடிக்கிறது. ‘எதிர்க்க முடியாத அருள்’ என்னும் சொற்றொடர் இவ்வாறு மறுப்பவர்களின் வாயிலிருந்தே பெயர் பெற்றது எனலாம். கால்வினிய அறிஞர்கள் பலர் இன்றும் இச்சொல்லை விரும்புவதில்லை. ‘பலன் தவறாத அழைப்பு’ என்று கூறுவதையே விரும்புகின்றனர்.

முறையீட்டுக்கு விடை காண்பதற்காகத் தோர்த் நகரில் 1618 நவம்பரில் ஒரு சங்கம் கூடியது. ஒல்லாந்தினர் மட்டுமன்றி, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, செருமானிய நாடுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் அதில் அமர்ந்தனர். பிரான்சு நாட்டுச் சபையினர் வருவதற்கு அந்நாட்டு அரசர் தடை விதித்துவிட்டார். 154 அமர்வுகள் நடந்தபின், 1619-ஆம் ஆண்டு மே மாதம் சங்கம் முடிவுற்றது. முறையீட்டின் ஐந்து கூறுகளுக்கும் அது விரிவான விடை அளித்தது. பிற்காலத்தார் அவ்விடைகளை ஐந்து தலைப்புகளாகச் சுருக்கி, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, ஒல்லாந்து நாட்டுக்கே உரிய டூலிப் மலரின் பெயரை அதற்கு இட்டனர். கால்வின் தாமே வகுத்த பட்டியல் அன்று அது.

அரசியலும் இதில் கலந்ததுதான் துயரம். முறையீட்டாளருக்கு ஆதரவாக இருந்த முதுபெரும் அரசியலறிஞர் ஓல்டன்பார்னவெல்ட், இளவரசர் மோரிசுடன் கொண்ட அரசியற் பகையின் காரணமாகக் கைதாகி, 1619 மே 13-ஆம் நாள், தம் 71-ஆம் வயதில், ஹேக் நகரில் தலை வெட்டப்பட்டார். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹியூகோ குரோஷியுஸ் ஆயுள் சிறை பெற்று, 1621-இல் நூல்கள் கொண்டுசெல்லும் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். ஏறத்தாழ 200 போதகர்கள் பதவி இழந்தனர். இறைவன் மனிதனைக் கட்டாயப்படுத்துகிறாரா என்று வாதிட்டவர்கள், மனிதரைக் கட்டாயப்படுத்தி வழக்கை முடித்தனர்! இதைச் சொல்லி நாம் மகிழ்வதற்கில்லை; அந்நூற்றாண்டுகளில் கத்தோலிக்க நாடுகளிலும் இத்தகைய கொடுமைகள் நடந்தன என்பதை வரலாறு மறைக்கவில்லை.

அவர்கள் உண்மையில் கூறுவது என்ன?

‘கால்வினியரின் கடவுள், விருப்பமில்லாதவனையும் மயிரைப் பிடித்து இழுத்து மோட்சத்தில் தள்ளுகிறவர்’ என்று சிலர் நகைப்பர். இது நியாயமன்று. தோர்த் சங்கத்தின் விதிகளைப் படிப்பவர்கள் மூன்று செய்திகளைக் காண்பர்.

முதலாவது, அழைப்பு இரு வகைப்படும். நற்செய்தி காதில் விழுவது வெளி அழைப்பு. அதை மனிதர் எதிர்க்கிறார்கள், புறக்கணிக்கிறார்கள், மறந்தும் போகிறார்கள். அவ்வழைப்பு போலியானதன்று, இறைவன் மெய்யாகவே அழைக்கிறார், வராமற் போவது வராதவனின் குற்றமே என்று அவ்விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. ஆகவே, ‘கால்வினியத்தில் மனிதன் இறைவனை எதிர்க்கவே முடியாதா?’ என்று கேட்டால், முடியும், நாள்தோறும் எதிர்க்கிறான் என்பதே அவர்கள் விடை.

இரண்டாவது, தேர்ந்துகொள்ளப்பட்டவர்களுக்கு வெளி அழைப்போடு உள் அழைப்பும் கிடைக்கிறது. தூய ஆவியார் உள்ளத்தினுள் புகுந்து, மூடியிருந்ததைத் திறந்து, கடினமானதை மெதுவாக்கி, இறந்த மனத்துக்கு உயிரளிக்கிறார். உலகைப் படைத்ததற்கும் இறந்தோரை எழுப்புவதற்கும் ஒப்பான வல்லமை அது. இவ்வழைப்பு ஒருபோதும் பலன் தராமல் திரும்புவதில்லை. தேர்ந்துகொள்ளப்பட்டவனும் பல்லாண்டு முரண்டு பிடிக்கலாம். ஆனால் குறித்த வேளையில் அருள் அவனை வெல்லும்.

மூன்றாவது, அருள் மனிதனை மரக்கட்டையாகவோ கல்லாகவோ நடத்துவதில்லை. அவன் மனத்தை அழிப்பதுமில்லை, பலவந்தம் செய்வதுமில்லை. இனிமையாகவும் அதே வேளையில் வல்லமையாகவும் அதைத் திருப்புகிறது. இழுத்துச் செல்லப்படுகிறவன் அழுதுகொண்டு செல்வதில்லை. விரும்பியே செல்கிறான், ஏனெனில் அவன் விருப்பமே புதிதாக்கப்பட்டிருக்கிறது. 1646-இல் இங்கிலாந்தில் உருவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இதையே கூறுகிறது.

விவிலியச் சான்றுகள்

இரு தரப்பாரும் திருநூலைத்தான் சான்று காட்டுகின்றனர். தந்தை ஈர்த்தாலன்றி எவனும் தம்மிடம் வர இயலாது என்று ஆண்டவர் கூறியது அருளப்பர் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளது. பிலிப்பியில் சின்னப்பரின் போதனையைக் கேட்ட லீதியாளின் உள்ளத்தை ஆண்டவர் திறந்தார் என்று அப்போஸ்தலர் பணி 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. கல்லான இதயத்தை எடுத்துவிட்டுத் தசையாலான இதயத்தைத் தருவதாக எசேக்கியேல் வழியாக இறைவன் வாக்களித்தார். கல்லறையில் நான்கு நாள் கிடந்த இலாசர், ‘வெளியே வா’ என்ற கட்டளைக்கு இணங்கலாமா என்று ஆலோசித்தானா? இவை கால்வினியர் கூறும் சான்றுகள்.

மறுபுறம், முதல் மறைசாட்சியான முடியப்பர் தம்மைக் கல்லெறிந்து கொல்ல நின்றவர்களைப் பார்த்து, தூய ஆவியாரை நீங்கள் எப்போதும் எதிர்த்து நிற்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். ஆண்டவர் எருசலேமைப் பார்த்து, கோழி தன் குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்வது போல் உங்களைச் சேர்த்துக்கொள்ள விரும்பினேன், நீங்களோ விரும்பவில்லை என்று வருந்தினார். திருமண விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வரவில்லை. ஆண்டவர் அன்போடு உற்றுநோக்கிய செல்வந்தன் முகம் வாடிச் சென்றான். அந்தப் பார்வையை விட மேலான அருள் வேறு என்ன இருக்க முடியும்? அதையும் ஒருவன் விட்டுச் செல்ல முடிந்ததே!

‘இவை யாவும் வெளி அழைப்பை எதிர்த்ததையே குறிக்கின்றன’ என்பர் கால்வினியர். ஆனால் முடியப்பர் குறிப்பிட்டது போதகரின் சொல்லை அன்று, தூய ஆவியாரை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் திருச்சபை போதிப்பது

இங்கே நம்மவருள் பலர் ஒரு தவறு செய்வதுண்டு. ‘அவர்கள் எல்லாம் அருள் என்கிறார்கள், நாமோ நற்செயல்களால் மோட்சம் அடைகிறோம்’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். இது நம் திருச்சபையின் போதனை அன்று. திருச்சபை கண்டித்த போதனை. 529-இல் ஓரான்சு நகரில் கூடிய சங்கம், விசுவசிக்க வேண்டும் என்ற ஆவலின் தொடக்கமும் கூட இறையருளின் கொடையே என்று அறிக்கையிட்டது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1547 சனவரி 13-ஆம் நாள் வெளியிட்ட ஏட்டிலும், அருளின்றி மனிதன் தன் செயல்களால் இறைவன்முன் நீதிமானாக முடியும் என்பவனையே முதன்முதல் கண்டிக்கிறது. ஆகவே, தொடங்குகிறவர் இறைவன் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு அடுத்த படியில்தான் எழுகிறது. இறைவன் தொட்டு எழுப்பிய மனம், அவருடன் ஒத்துழைக்கிறது. அது விரும்பினால் அவருக்கு இணங்காமலும் இருக்கலாம் என்று அதே சங்கம் நான்காம் விதியில் வரையறுத்தது. மேலும், எல்லாரும் மீட்புப் பெற வேண்டும் என்பதே இறைவனின் விருப்பம் எனத் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் கூறுவதைத் திருச்சபை நேர்ப்பொருளில் ஏற்கிறது. எவரையும் நரகத்துக்கென்று இறைவன் முன்குறிப்பதில்லை என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடும் உறுதி கூறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒருவன் பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டான். ‘கயிற்றை விட்டிருக்கிறேன், நீயே ஏறி வா’ என்று மேலிருந்து சொல்வது பெலாஜியுசின் கொள்கை. ‘விழுந்தவன் பிணம், மேலிருப்பவர் இறங்கி, தாம் தேர்ந்துகொண்டவனுக்கு உயிரூட்டி, விரும்பச் செய்து, தவறாமல் கரையேற்றுவார்’ என்பது கால்வினியம். திருச்சபை கூறுவதோ: அவர் இறங்கி வந்தார், மயங்கிக் கிடந்தவனை அவரே தெளிவித்தார், அவன் கையைத் தூக்கும் வலுவையும் அவரே கொடுத்தார், தம் தோளைப் பற்றிக்கொள்ளச் சொல்லித் தூக்கிச் செல்கிறார். கரையேறியவன் ‘என் வலுவால் ஏறினேன்’ என்று சொல்ல முடியாது. ஆனால் ஏறும் வழியில் அத்தோளை உதறிவிட அவனால் முடியும். உதறினால் பழி தூக்கியவர் மேல் அன்று.

இதனால் ‘ஆம்’ என்பது முழுவதும் அருளின் கனி, அதே வேளையில் முழுவதும் நம் செயல். ‘இல்லை’ என்பதோ நம்முடையது மட்டுமே. கன்னி மரியாளை நோக்குங்கள். அவர் கருவான நாள் முதலே அருள் அவரை முந்திக்கொண்டது. ஆயினும் வானதூதர் அவரது விடைக்காகக் காத்து நின்றார். கட்டளையிட வல்லவர் சம்மதம் கேட்டார் என்பதே நம் விசுவாசத்தின் நெஞ்சம்.

நம் வீட்டிற்குள்ளேயும் எழுந்த வழக்கு

இவ்வளவில் புதிர் அவிழ்ந்துவிட்டது என்று நாம் மார்தட்ட வேண்டாம். மனிதன் மறுக்கக்கூடுமெனில், இறைவனின் திட்டம் எவ்வாறு தவறாமல் நிறைவேறும்? இவ்வினாவில் நம் துறவு சபைகளே இரண்டாகப் பிரிந்து நின்றன. இயேசு சபையைச் சார்ந்த மொலினா 1588-இல் லிஸ்பனில் ஒரு நூல் வெளியிட்டார். எந்தச் சூழ்நிலையில் எவன் எதைத் தானாக விரும்புவான் என்பதை இறைவன் முன்னரே அறிந்து, அதற்கேற்ப அருள் அளிக்கிறார் என்பது அவர் கருத்து. சாமிநாதர் சபையைச் சார்ந்த பாஞெஸ் இதை மறுத்தார். இறைவன் மனித மனத்தை உள்ளிருந்தே அசைக்கிறார், அவ்வசைவு தவறாது பலன் தருகிறது, ஆயினும் மனத்தின் சுதந்திரம் கெடுவதில்லை என்றார். இவருடைய கருத்து ஏறத்தாழக் கால்வினியரின் வாயிற்படி வரை செல்வதை யாரும் காணலாம்!

1598 முதல் 1607 வரை உரோமையில் இவ்வழக்கு நடந்தது. பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் தீர்ப்பு எதுவும் கூறாமல், ஒரு சாரார் மற்றவரை ‘பதிதர்’ என்று பழிக்கக் கூடாது என்று மட்டும் ஆணையிட்டு அனுப்பிவிட்டார். நான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அத்தீர்ப்பு வரவில்லை. அருளும் உண்மை, சுதந்திரமும் உண்மை. இரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை விளக்கும் உரிமையை அறிஞர்களுக்கு விட்டுவிட்டாள் திருச்சபை அன்னை.

ஆனால் எல்லை ஒன்றை அவள் வகுத்தாள். ஈப்ர் நகர் ஆயரான யான்சேனியுஸ் இறந்தபின், 1640-இல் அவருடைய பெருநூல் ஒன்று வெளிவந்தது. மனிதன் உள்ளத்தில் பெறும் அருளை ஒருபோதும் எதிர்ப்பதில்லை என்பது உட்பட, அந்நூலின் கருத்துகளாகக் கூறப்பட்ட ஐந்து கூற்றுகளைப் பாப்பரசர் பத்தாம் இன்னொசெந்து 1653-இல் கண்டித்தார். கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளிருந்தே எழுந்தாலும், அருளை மறுக்க முடியாது என்ற போதனையைத் திருச்சபை ஏற்கவில்லை.

நம்மவர் இடையே

தோர்த் நகரத்து வழக்கு தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அயலானதன்று. 1853-இல் ஆற்காட்டு மறைப்பணியை நிறுவிய ஸ்கடர் குடும்பத்தார் அமெரிக்கச் சீர்திருத்த சபையைச் சார்ந்தவர்கள். தோர்த் சங்கத்தின் விதிகளைத் தன் விசுவாச அறிக்கைகளுள் ஒன்றாகக் கொண்ட சபை அது. அக்குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் தொடங்கிய சிறு மருத்துவமனையே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ‘தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள் எப்படியும் வருவார்கள், நாம் ஏன் உழைக்க வேண்டும்?’ என்று அவர்கள் கைகட்டி அமரவில்லை என்பதற்கு அம்மருத்துவமனையே சாட்சி. அவர்கள் உருவாக்கிய சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்தன. ஆனால் அதே திருச்சபையில் மெத்தடிஸ்டு மரபினரும் இணைந்தனர். அவர்களோ ஆர்மீனியுசின் பக்கம் நின்ற ஜான் வெஸ்லியின் வழியினர். ஆகவே, அண்டை வீட்டுச் சகோதரர் தென்னிந்தியத் திருச்சபையினர் என்பதாலேயே அவர் கால்வினியர் என்று முடிவு கட்டிவிடல் ஆகாது.

மனம் திரும்பாத மகனுக்காக

இக்கேள்வி நூலறிஞர்க்கு மட்டும் உரியதாக இருந்திருப்பின், குடும்ப ஏட்டில் இதனை நாம் எழுதியிருக்க மாட்டோம். ‘சாமி, ஆண்டுக்கணக்காகச் செபமாலை சொல்கிறேன், என் மகன் கோவில் வாசலை மிதிப்பதில்லை. கடவுள் அவனுக்கு மட்டும் அருள் தரவில்லையா?’ என்று கண்ணீரோடு கேட்கும் தாய்மாரைக் காணாத பங்குக் குரு இல்லை. குடியில் மூழ்கிய கணவனைப் பற்றி மனைவியும், பாவசங்கீர்த்தனத்தை விட்டுப் பல்லாண்டாகிய தந்தையைப் பற்றி மகளும் இவ்வாறே கேட்கின்றனர்.

இவர்களுக்கு நாம் கூறுவது இது: இறைவன் உங்கள் மகனைக் கைவிடவில்லை, கைவிடவும் மாட்டார். அவன் உள்ளத்தில் அருள் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அவனைத் தேர்ந்துகொள்ளாமல் விட்டுவிட்டார் என்று எண்ணி நடுங்க வேண்டாம். நீதியின் பொருட்டு ஒன்றைச் சொல்வோம்: கால்வினியரும் இவ்வாறு நடுங்கச் சொல்வதில்லை. விசுவாசத்தை உள்ளத்தில் இன்னும் உணராமல் ஏங்குகிறவர்கள் கலங்க வேண்டாம் என்றும், குழந்தைப் பருவத்திலேயே இறந்த தம் பிள்ளைகளின் மீட்பைப் பற்றி இறைபக்தியுள்ள பெற்றோர் ஐயுற வேண்டாம் என்றும் தோர்த் விதிகளே ஆறுதல் கூறுகின்றன. ஆயினும், உள் அழைப்பு எல்லாருக்கும் அளிக்கப்படுவதில்லை என்று கொண்டால், ‘என் மகன் அவ்வெண்ணிக்கையில் உண்டா?’ என்னும் கேள்வி அத்தாயின் நெஞ்சை விட்டு நீங்குவது அரிது. அவனுக்கும் அருள் உண்டு என்று ஐயமின்றிச் சொல்லத் திருச்சபையின் போதனை நமக்கு வாய் அளிக்கிறது.

‘அவன் மறுக்கக்கூடுமெனில் என் செபத்தால் என்ன பயன்?’ என்று கேட்கலாம். இறைவன் நம் சுதந்திரத்தை உடைப்பதில்லை; ஆனால் அதைத் தொடுவதற்கு அவருக்கு ஆயிரம் வழிகள் உண்டு. ஒரு நோய், ஒரு நண்பன், ஒரு நூல், தாயின் ஒரு துளிக் கண்ணீர் எல்லாம் அவர் கைக்கருவிகளே. மோனிக்கம்மாள் ஆண்டுக்கணக்காக அழுதார். மகன் அகுஸ்தீன் அவரை ஏமாற்றிவிட்டுக் கப்பலேறி உரோமைக்குச் சென்றான். அங்கிருந்து மிலான் நகர் சென்ற அவன், அங்கேதான் அம்புரோசியாரின் போதனையைக் கேட்டான்; 386-இல் மனந்திரும்பினான்; 387-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு திருவிழிப்பில் ஞானஸ்நானம் பெற்றான். தாயை விட்டு ஓடிய பாதையையே இறைவன் தம்மிடம் வரும் பாதையாக மாற்றிவிட்டார்.

1887-இல், மூவரைக் கொன்ற குற்றத்திற்காகப் பாரீஸ் நகரில் மரண தண்டனை பெற்ற பிரான்சினி என்பவன் மனம் வருந்தவில்லை என்று கேள்விப்பட்டாள் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. அவனுக்காகச் செபித்தாள், ஒறுத்தல் செய்தாள். கொலைமேடையில் கடைசி நொடியில் அவன் குருவிடமிருந்த பாடுபட்ட சுரூபத்தை வாங்கி முத்தமிட்டான். அச்சிறுமியே பின்னாளில் சிறுமலர் தெரேசம்மாள் என்று பீடத்தில் வைத்து வணங்கப்படுபவர். கடைசி நொடி வரையில் எவரையும் ‘இழந்துவிட்டோம்’ என்று எழுதிவிட நமக்கு உரிமை இல்லை.

குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள்

அருளை மறுக்க முடியும் என்ற உண்மை, பிறரைப் பற்றியது மட்டும் அன்று. நம்மை நோக்கியும் விரல் நீட்டுகிறது. ‘பிறகு பார்க்கலாம், அடுத்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், முதுமையில் செபிக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவன், வெளிப்படையாக இறைவனை எதிர்ப்பவன் அல்லன். ஆயினும் அவன் செய்வது மறுப்பே. அருளைத் தள்ளுகிறவர்களுள் பெரும்பாலோர் ‘இல்லை’ என்று சொல்லித் தள்ளுவதில்லை. ‘நாளை’ என்று சொல்லியே தள்ளுகிறார்கள்.

பெற்றோருக்கும் இதில் பாடம் உண்டு. சிறு பிள்ளைகளைச் செபத்திலும் திருப்பலியிலும் பழக்குவது உங்கள் கடமை. அதில் தளர்ச்சி வேண்டாம். ஆனால் வளர்ந்த மகனை வசையாலும் மிரட்டலாலும் கோவிலுக்குத் தள்ளினால், உடல் வரும், உள்ளம் வராது. எல்லாம் வல்லவரே கதவை உடைக்காமல் தட்டி நிற்கும்போது, நாம் உடைக்கலாமா? அதுபோலவே, துறவு வாழ்வுக்கு அழைக்கப்படும் மகனையோ மகளையோ தடுத்து நிறுத்தும் பெற்றோர், தம் பிள்ளைக்கு வந்த அருளைத் தாமே மறுக்கிறார்கள் என்பதை அஞ்சி எண்ணுதல் வேண்டும்.

நற்செய்தி இன்னுமொன்று உண்டு. அருளாலேயே நாம் நீதிமான்கள் ஆகிறோம் என்னும் உண்மையைக் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் 1999-இல் ஒரே அறிக்கையாகக் கையொப்பமிட்டு வெளியிட்டன. மெத்தடிஸ்டு சபைகளின் உலக அமைப்பு 2006-இல் அதனை ஏற்றது. 2017-இல், லூத்தர் வாழ்ந்த வித்தன்பர்க் நகரிலேயே, சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்பது இதன் பொருள் அன்று. ஒருவரையொருவர் பதிதர் என்று தூற்றிய இடத்தில் இன்று ஒன்றாக நின்று அருளைப் புகழ முடிகிறது என்பதே பொருள்.

கால்வினியத் தாயும் கத்தோலிக்கத் தாயும் வழி தவறிய மகனுக்காக முழந்தாளிடும்போது, இருவருமே ‘ஆண்டவரே, அவன் உள்ளத்தை மாற்றும்’ என்றுதான் மன்றாடுகிறார்கள். எழுந்து வந்து அவனிடம் பேசும்போது, இருவருமே ‘மகனே, திரும்பி வா’ என்றுதான் கெஞ்சுகிறார்கள். முதல் சொல்லில் அருளின் வல்லமையும், இரண்டாம் சொல்லில் மனிதனின் சுதந்திரமும் அடங்கியுள்ளன. ஆகவே அன்பர்களே, இவ்விரண்டில் எதையும் நாம் விட்டுவிடாதிருப்போமாக. இன்று நம் உள்ளத்தில் ஆண்டவரின் குரல் கேட்குமாயின், நாளை என்று சொல்லாமல் இன்றே இசைவளிப்போமாக.